கணுக்காலுக்கு மேலே

நான்கு நாட்களாக அவள் குழந்தையைக் கணவனிடம் கொடுக்கவில்லை. நான்கு வயது மகளைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தாள். இரண்டு கால்களிலும் கணுக்காலுக்கு மேலே பழுப்புக் கோடுகள், விரல்கள் பதிந்த மாதிரி. யார் என்று கேட்டதற்கு, சோப்பு நுரையை ஊதிக்கொண்டே "அப்பா" என்றது குழந்தை.

அடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான். பின்னே எப்படி என்றாள். தெரியவில்லை என்றான். அத்தோடு பேச்சு நின்றது.

மதிய இடைவேளையில் குழந்தையைப் பாலர் பள்ளியிலிருந்து தூக்கிப்போய்த் தன் அக்கா வீட்டில் விடுவது அவன்தான். அவள் விடுப்புப் போட்டுவிட்டு அதையும் தானே செய்தாள். நாத்தனார் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"கொசு அடிக்கவே என்னைக் கூப்பிடுறவன். அவனா குழந்தையை அடிப்பான்?"

சொந்தத் தம்பி, அப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் இது ஏதாவது நோயாக இருந்துவிடக் கூடாதா என்றுதான் அவளுக்கும் இருந்தது. பெற்ற பிள்ளைக்கு நோய் வரட்டும் என்று ஆசைப்படுகிற அம்மா தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியபோது அழுகை வந்தது.

ஐந்தாம் நாள் மூவரும் தோல் மருத்துவரிடம் போனார்கள். அவன் எப்போதும்போல அலுவலகப் பையோடு வந்திருந்தான். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். அவசரமே இல்லாதவர். ஒரு கண்ணாடித் தகட்டைக் கோட்டின்மேல் அழுத்திப் பார்த்தார். நிறம் மறையவில்லை. எப்போது பார்த்தீர்கள், அன்றைக்கும் இதே நிறமா என்று கேட்டார். இதே நிறம்தான் என்றாள் அவள்.

அடிபட்டுக் கன்றியிருந்தால் இதற்குள் பச்சை, மஞ்சள் என்று மாறத் தொடங்கியிருக்கும் என்றார் மருத்துவர். கோடுகள் போகும் திசையைத் தன் விரலால் காலைச் சுற்றி வரைந்தார்.

"அடிச்ச கை இப்படிச் சுத்தி விழாது. இது பிடிச்ச கை. சார், பாப்பாவை எப்படித் தூக்குவீங்க?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் குழந்தையை நீட்டினாள். குழந்தை தானாகவே அவன் தோளில் ஏறி உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்துக்கொண்டது.

"இழுக்காதே சுண்டெலி. இருக்கறதே கொஞ்சம்" என்றான். அவன் கைகள் மேலே போய்க் கால்களைப் பற்றின. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை, ஆனால் உண்டு என்றார் மருத்துவர். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும். ஓரிரு நாளில் லேசாகச் சிவக்கும், பிறகு இப்படிப் பழுப்பாகி வாரக்கணக்கில் நிற்கும். பழம் பிழிந்த கையோடு வெயிலில் தூக்கினால் போதும்.

அதற்கு வழியே இல்லை என்றாள் அவள். இவர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர், வீட்டில் சமையலறைப் பக்கம்கூட எட்டிப்பார்க்க மாட்டார்.

மருத்துவரின் பார்வை அவன் புறங்கையில் கட்டைவிரல் ஓரமாக இருந்த பழுப்புத் திட்டில் சற்று நின்றது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்படின்னா வேற ஏதோ. மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோல் எடுத்துப் பார்த்துடலாம்."

செவிலியர் தட்டை எடுத்து வைத்தார். தோளின்மேல் இருந்த கால்கள் அவன் மார்போடு ஒட்டிக்கொண்டன.

"ஊசியாப்பா?"

"இல்லடா" என்றான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"குழந்தைக்கு ஒண்ணும் எடுக்க வேண்டாம். எனக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சும்மா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கற ஜூஸ் கடையில பழம் பிழியிறேன்."