வேன் ரூழ்

பீங்கான் தொழிற்சாலைச் சூளையில் விறகு தள்ளிவிட்டு வரும் ஜெயராஜ், வாசலிலேயே நின்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். மனைவி கனகா கிட்டே வந்து முகர்ந்து பார்ப்பாள். அப்புறம்தான் சோறு. அவன் திருட்டுச் சாராயத்தில் விழுந்து கிடந்த காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்மாபுரத்துத் தாய்வீட்டுக்குப் போனவள் அவள். போதை ஏற்றுகிற எதையும் நாக்கில் வைக்கமாட்டேன் என்று அவன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

வேதக்கோயிலில் நற்கருணையன்று அப்பத்தோடு கிண்ணத்தில் கொடுக்க, உபதேசியார் சாமிக்கண்ணு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து தருவது வழக்கம். அந்த ஈஸ்டருக்குப் புதுப் போதகர் புதுச்சேரியிலிருந்து பாட்டில் வாங்கி வந்தார். மதுவிலக்குக் காலம்தான்; கோயிலுக்குப் பர்மிட் உண்டு.

ஜெயராஜ் முதல் நாளே உபதேசியாரைப் பிடித்தான்.

"பாட்டில்ல என்னாங்க எழுதியிருக்குது?"

"வேன் ரூழ். பிரெஞ்சு. வேன்னா திராட்சரசம், ரூழ்னா செவப்பு."

"நம்ம வேதத்துலயும் திராட்சரசம்தான?"

"ஆமாம்டா. திராட்சைங்கிறது வடக்கத்திச் சொல்லு. ரசம்னா சாறு. கொடியே இல்லாத நம்மூருக்குப் பேரு மொதல்ல வந்துடுச்சு, சரக்கு இப்பத்தான் வருது."

"புளிச்சதுங்களா, புளிக்காததுங்களா?"

"சொல்லு அதச் சொல்லலியே." உபதேசியார் மூடியைத் திறந்து நீட்டினார். "ஒனக்குத் தெரியாத வாசனையா, மோந்து பாரு."

மோந்து பார்த்தான். வாயில் எச்சில் ஊறியது. அதுவே அவனைப் பயமுறுத்தியது.

பாவத்தை மறைத்து வைத்திருப்பவன் கிண்ணத்தைத் தொடமாட்டான் என்பது அந்தச் சபையின் நம்பிக்கை. தொட்டால் சத்தியம் போச்சு. தொடாவிட்டால் பழையபடி குடிக்கிறான் என்று ஊரே சொல்லும். கனகாவும் நம்பிவிட்டால் பிள்ளையோடு போய்விடுவாள்.

மறுநாள் ஆண்கள் வரிசையில் முழங்காலிட்டான். அப்பத்தை வாங்கிக்கொண்டான். கிண்ணம் வந்ததும் உதட்டை இறுக்கித் தலையசைத்தான். போதகர் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு அடுத்தவனிடம் போனார்.

"ஆரம்பிச்சுட்டான் போலருக்குது," என்றாள் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ராஜாம்பாள், காதில் விழும்படியே.

அடுத்துப் பெண்கள் வரிசை. கனகா குடித்தாள். குடித்தவள் முகம் மாறியதை அவன் பார்த்தான்.

வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலில் வழக்கம்போல நின்று வாயைத் திறந்தான். அவள் கிட்டே வரவில்லை. முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூடுங்க. இன்னைக்கு நாத்தம் எங்கிட்டதான்."

சொல்லிவிட்டுச் சோறு போட உள்ளே போனாள்.