கடைசி வரியை ஓட விடாதவன்

1
இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. அழைப்பு எனக்கல்ல, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரிக்கு. ஒட்டுக்கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

இரும்பின் மனதை அறிந்தவள் அவள், ஆகவே ஒரு மழைநாளில்... (அடித்துவிட்டேன். மழையே இல்லை.)

2
அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். கணினி சொல்படி இரும்பைச் செதுக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறாள். "நாற்பதுக்குப் போ" என்று ஒரு வரி இருந்தால், அதைப் படித்து வெட்டும் கருவியை அங்கே நகர்த்துவது அந்த மென்பொருளின் வேலை. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். இரண்டு வருட உழைப்பு. அவள் தம்பியின் பட்டறையிலும் இன்னும் பதினொரு பட்டறைகளிலும் ஓடுகிறது.

தம்பி முன்பே சொல்லியிருந்தான்: "இன்னொரு தடவை சொதப்புச்சுன்னா பழைய கன்ட்ரோல் பெட்டியையே மாட்டிடுவேன்க்கா."

(முதலில் அவனை முன்கோபியாக எழுதினேன். ஒட்டவில்லை. நல்லவன்தான், அவசரக்காரன்.)

3
நாற்பது என்பது மூலையிலிருந்தா, நின்ற இடத்திலிருந்து இன்னும் நாற்பதா? அதையும் ஒரு வரி சொல்லிவிடும். மாற்றிச் சொல்லும்வரை அதுவே செல்லும். நிரலின் கடைசி வரி ஓடினாலோ, இயந்திரத்தை அணைத்துப் போட்டாலோதான் எல்லாம் பழையபடி ஆகும். அக்கா நூறு முறை சோதித்தாள், நூறு முறையும் கடைசி வரி வரை. தம்பியோ வெட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவன். கடைசி வரி ஓடுவதே இல்லை; பழைய கணக்கு அப்படியே அடுத்த வேலைக்கும் போய்விடும்.

இன்று மதியம் அவன் அனுப்பிய, இயந்திரம் ஓடிய பதிவைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு இது உறைத்தது: கடைசியாக வெட்டிய பக்கம் 'நின்ற இடத்திலிருந்து' என்ற கணக்கிலேயே நின்றிருந்தது. அவன் அழைத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"டேய், பச்சைப் பொத்தானை அமுக்கிடாதே."

"விரல் அதுமேலதான் இருக்கு. அஞ்சு பக்கம் முடிச்சாச்சு, இதுதான் கடைசி. இந்த இரும்புக் கட்டி போச்சுன்னா வேற கட்டி இல்லக்கா."

"மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போடு."

"ஏன்?"

அக்கா ஸ்பீக்கரை அணைத்து, போனோடு வெளியே போய்விட்டாள்.

4
இனி நான் இட்டுக்கட்டியவை.

ஒன்று: அவன் அமுக்கிவிடுகிறான். கருவி கட்டியின் நடுவில்... (வேண்டாம். மூன்று வார வேலை. மனசு வரவில்லை.)

இரண்டு: "சும்மாதான், சூடாகியிருக்கும்" என்கிறாள் அக்கா. கட்டி பிழைத்தது, அவள் பெயரும் பிழைத்தது. ஆனால் மற்ற பதினொரு பட்டறைகளிலும் டீ குடிப்பவர்கள் இருப்பார்களே?

மூன்று: "என் தப்புடா." அதற்கு அவன்

5
நானும் தம்பி ரகம்தான். வெட்டு முடிந்ததென்று தோன்றினால் கடைசி வரியை ஓட விடமாட்டேன். அதனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். பாதியில் நிறுத்தியது அடுத்த வேலைக்குள் போய் நிற்கும். இனி நீங்கள் யாரிடமாவது "சும்மாதான்" என்று சொல்ல வாயெடுத்தால், பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு தம்பி "ஏன்?" என்று கேட்பான்.