காமினி சொன்ன ஆறுதல்

எக்ஸ்ரே பிரிவில் காமினிக்கு ஏக நல்ல பெயர். "அந்தப் பொண்ணு பேசுனாலே பாதி பயம் போயிரும்லா" என்று நோயாளிகள் சொல்லிச் சொல்லி, அந்தப் பினாங்கு ஜார்ஜ் டவுன் மருத்துவமனையே அவளை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டியது. அப்படிப் பெயர் எடுத்தவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

போன வருடம் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்க வள்ளியம்மா வந்தாள். சுங்கை பினாங்கில் வீடு, அக்கரையில் பிறை டவுனில் ஃபேக்டரி வேலை. படம் எடுத்து முடிந்ததும் காமினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் இருக்காமா?" என்று நடுங்கினாள். திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. காமினி அதைப் பார்த்துவிட்டாள். படம் எடுப்பவள் முடிவு சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. "ரிசல்ட்டுக்குக் கட்டாயம் வாங்கக்கா" என்று சொல்லி அனுப்பியிருந்தால் போதும். ஆனால் அந்த நடுக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல், "ஒன்னும் இல்லக்கா, நிம்மதியா போங்க" என்று சொல்லிவிட்டாள். வள்ளியம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

போனவள் போனவள்தான். ஒன்றும் இல்லை என்றான பிறகு லீவு போட்டுவிட்டு எதற்கு வருவாள்? மருத்துவமனையிலிருந்து கூப்பிட்ட போனும் அவளுடைய பழைய நம்பருக்குப் போயிருந்தது.

மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகு, இன்றுதான் வந்தாள். டாக்டர் சுஹானா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதே ஏன் ரிசல்ட்டுக்கு வரவில்லை என்று மலாயில் கடிந்துகொண்டார். வள்ளியம்மா, கதவருகே நின்ற காமினியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, மறந்துவிட்டேன் டாக்டர் என்று மலாயிலேயே சொன்னாள்.

ஐயோ, அதற்குப் பதில் அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.  வெளியே வந்தவளின் பின்னாலேயே காமினி ஓடினாள்.

"ஏங்க்கா நான் சொன்னேன்னு சொல்லல?"

"உன் வேலை போயிருமேமா." வள்ளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன தெரிஞ்சா சொன்ன? ஏதோ நல்ல மனசுல சொல்லிட்ட."

இத்தோடு விட்டிருந்தால் வேலையும் மிஞ்சியிருக்கும், பெயரும் மிஞ்சியிருக்கும். காமினிக்கு அந்தக் கையின் சூட்டைத் தாங்க முடியவில்லை.

"தெரியும்க்கா. அன்னிக்கே படத்துல பார்த்தேன். இப்பவே போய் டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

வள்ளியம்மா கத்தவில்லை. பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

"அன்னிக்கு நீ பேசாம இருந்திருந்தா, பயந்துகிட்டாவது வந்திருப்பேனேமா" என்றாள்.