இரவல் சோதனை

நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் ரத்தமும் எடுப்பார்கள். அதிலும் தெரிந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி, கிடங்கில் பெட்டி அடுக்க அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஆண்டு டிரைவருக்குச் சர்க்கரை வந்திருந்தது. அவர் மனைவிக்கும் அவளுடைய தம்பிக்கும் மட்டும் அது தெரியும்.

தம்பி வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். அங்கே அவனுக்கு இரும்பு என்று பெயர். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. முதுகு வலிக்காகச் சாயங்காலம் ஒரு மாத்திரை போடுவான், அவ்வளவுதான். மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கொடுத்தார்கள். அவன் அதை டீ போல நினைத்தான்.

பரிசோதனை அன்று காலை, டிரைவர் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலோடு அவன் வாசலில் நின்றார். மனைவியும் கூட வந்திருந்தாள்.

"என்ன அத்தான், வெறும் கையோட வந்து கேக்குறீங்க? கலப்படமில்லாத சரக்கு. கடையில கிடைக்காது."

"சத்தம் போடாதடா. சீக்கிரம்."

"ரொம்பப் பிகு பண்ணாதடா," என்றாள் அக்கா. "வேணும்னா அவர் ஒரு பாட்டில் திருப்பிக் கொடுத்துடுவார்."

மூவரும் சிரித்தார்கள்.

நிறுவனத்தின் மருத்துவ அறையில் நர்ஸ் பரிசோதனைப் பட்டையைப் பாட்டிலில் நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு பட்டையை நனைத்தாள். அதையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனாள்.

"சர்க்கரை சுத்தமா இல்ல," என்றார் மருத்துவர்.

டிரைவருக்கு மூச்சு வந்தது.

"ஆனா புரதம் நிறையப் போகுது. கால் வீங்குதா? காலையில முகம் உப்பின மாதிரி இருக்கா? சிறுநீர் நுரைக்குதா?"

அது அவருடைய காலும் இல்லை, முகமும் இல்லை.

"இல்ல டாக்டர்."

"வலி மாத்திரை தொடர்ந்து போடுறீங்களா?"

"இல்ல," என்றார். இந்த முறை கொஞ்சம் தாமதமாக.

"காய்ச்சல் இருந்தாலோ உடம்ப ரொம்ப வருத்தினாலோ சில நேரம் இப்படிக் காட்டும். அடுத்த வாரம் காலையில எழுந்ததும் முதல்ல போறதைப் பிடிச்சுக் கொண்டு வாங்க. அப்பவும் இருந்தா கிட்னி டாக்டரப் பாத்தே ஆகணும். ஆரம்பத்துல பிடிச்சா மருந்தால தள்ளிப் போடலாம். வலி கிலி எதுவும் இருக்காது, அதான் இதுல சிக்கலே. தெரிய வரும்போது கை மீறிப் போயிருக்கும்."

வேனில் ஏறி உட்கார்ந்து மச்சானுக்குப் போன் செய்தார். பின்னால் இரும்பு அறுபடும் சத்தம்.

"மச்சான், உடம்பு எப்படி இருக்கு?"

"என்ன அத்தான் திடீர்னு? நான் ஃபெயிலா?"

"இல்லடா. பாஸ்தான்."

"பின்ன? சும்மாவா இரும்புன்னு பேர் வச்சாங்க? விருந்து எப்போ?"

"பாக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அடுத்த வாரப் பாட்டில்தான் முதல் கவலையாக இருந்தது. மச்சானிடம் மறுபடி வாங்கினால் மறுபடி புரதம் வரலாம். வீட்டிலேயே கேட்டார்.

"மறுபடியுமா? ஏன், என் தம்பியோடது பிடிக்கலையாமா?" என்றாள் மனைவி.

"பாட்டில் கொட்டிப் போச்சாம். எழுந்ததும் போறதுதான் வேணுமாம். விடியக்காலையில அவன் வீட்டுக்கு ஓட முடியுமா?"

"சரிதான். நான் பாஸானா இனிமே நான்தான் வேன் ஓட்டுவேன், சொல்லிட்டேன்."

இரண்டாவது சோதனையில் எதுவும் இல்லை. "முதல்ல வந்தது ஏதோ அலைச்சல்ல வந்திருக்கும். மறந்துடுங்க," என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

மருத்துவர் ஒப்பிட்டது இரண்டு பேரை என்று டிரைவருக்குத் தெரியும். தெரிந்தும், அந்த 'மறந்துடுங்க'வை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மச்சானும் நாள் முழுக்கக் கம்பி தூக்குகிறவன்தானே, அலைச்சலாகத்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்து சாக்ஸைக் கழற்றியபோது, கணுக்காலில் அதன் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"என்னடா இது?"

"சாக்ஸ் இறுக்கம் அத்தான்."

அவரும் அது சாக்ஸ்தான் என்று நம்பினார். நம்புவது சுலபமாக இருந்தது.

அடுத்த வருடம் மச்சான் பட்டறையில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள், கட்டிலருகே நின்று பெண் மருத்துவர் நிதானமாகச் சொன்னார். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு எகிறியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும்.

"முன்னாடி எப்பவாவது யூரின் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா? எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியணும்."

"நான் ஆஸ்பத்திரிப் பக்கமே வந்ததில்ல டாக்டர்," என்றான் மச்சான். முகம் உப்பி, கண்கள் சிறுத்திருந்தன. அப்படியும் சிரித்தான். "ஒரே ஒரு தடவ, அதுவும் அத்தானுக்காக. அதுல ஒண்ணும் இல்ல. இல்லையா அத்தான்?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த அறிக்கையில் இருந்தது டிரைவரின் பெயர்.

"இருந்துச்சுடா," என்றார். "புரதம் போகுதுன்னு சொன்னாங்க. நிறைய."

"மறுபடி எடுக்கச் சொல்லலையா?" என்றார் மருத்துவர்.

"சொன்னாங்க."

மனைவி கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"ரெண்டாவது என்னோடது," என்றாள் மெதுவாக.

மச்சானின் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. "அப்பவே தெரிஞ்சிருந்தா, டாக்டர்?"

மருத்துவர் குறிப்பேட்டை மூடினார். "கொஞ்ச வருஷம் கிடைச்சிருக்கலாம்," என்றார்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"என்னோடது நல்லா இருக்குன்னுதானே வந்துச்சு? நான் ஒரு கிட்னி குடுக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"அந்த ஒரு டெஸ்ட் பத்தாதும்மா. ரத்தம், ஸ்கேன்னு நிறைய இருக்கு. நாளைக்கு வாங்க, ஆரம்பிக்கலாம்."

"எனக்கும் பாருங்க டாக்டர்," என்றார் டிரைவர்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

இதுவரை எந்த மருத்துவரிடமும் அவர் சொல்லாத பதில் அது.

"இருக்கு."

"அப்போ உங்களோடத எடுக்க மாட்டாங்க."

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் காலில் போர்வையை இழுத்து விட்டாள். வீங்கிய பாதம் வெளியே தெரியாதபடி ஓரத்தைச் செருகினாள்.

"நாளைக்கு எதுவும் சாப்பிடாம வரணுமா, டாக்டர்?" என்று கேட்டாள்.