லிங்கர் இல்லாத சனிக்கிழமை

மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு அந்தச் சின்னப் பெட்டி கையை விரித்துவிட்டது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: எல்டி என்ற ஒன்றைத் தேடினேன், காணோம். ஜோதி அதை மூன்று முறை படித்துப் பார்த்தாள். மூன்றாம் முறையும் காணோம்தான்.

"ஆசிப், எல்டி எங்க?"

ஆசிப் ஒயரைச் சரிபார்க்கிறவன்போலக் குனிந்துகொண்டான். ஒயரில் ஒரு கோளாறும் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"அத நேத்தே அழிச்சுட்டேன், ஜோதி."

"அழிச்சுட்டியா?"

"மெமரி கார்டுல எடம் பத்தல. புரோகிராமத்தான் எங்க வூட்டு கம்ப்யூட்டர்லயே முடிச்சுட்டோமே, எல்டிதான லிங்கரு, இனிமே அது எதுக்குன்னு நெனச்சேன். கடைசிலேருந்து ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டே வந்தேன். அது போனதும் எடம் போதும்னு ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்."

கூரை காய்ந்த பிறகு சென்ட்ரிங் பலகையைப் பிரித்து எடுத்துப்போகிற புத்திதான். பலகையைப் பிரித்ததில் தப்பில்லை. அங்கே போட்ட கூரை இங்கே நிற்காது என்பதுதான் பிள்ளைக்குத் தெரியாமல் போயிற்று. லப்பைக்குடிக்காட்டில் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் முடித்த புரோகிராமை இந்தப் பெட்டியில் ஓடச் சொன்னால், நீ கேட்கிற லைப்ரரி புதுசு, என்னிடம் இருப்பது பழசு என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. சரி, இங்கேயே மறுபடி செய்துகொள்வோம் என்றால், செய்து முடிக்கிற கருவியை இவன் குப்பையில் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

ஜோதியும் ஆசிப்பும் பெரம்பலூர் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றாகவே பாடம் எடுக்கிறார்கள். பெட்டி ஆசிப்பின் அக்கா வீட்டுக்காரர் நஜீமுதீன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அங்கே ஒரு கடையில் பில் போட வைத்திருந்து கழித்துக்கட்டியது. தடித்த நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும், ஹார்டு டிஸ்க் கிடையாது, ஒரு மெமரி கார்டுதான் எல்லாம். ஆசிப் அதில் லினக்ஸ் ஏற்றி, பிரிண்டர் சொருகும் இடத்தில் தானே பற்றவைத்த ஒரு கார்டை மாட்டி, அதிலிருந்து ஒரு ஜியோபோனுக்கு ஒயர் இழுத்திருந்தான். ஜியோபோன் என்பது மண்ணில் குத்தி வைத்தால் தரை எவ்வளவு ஆடுகிறது என்று மின்சாரத்தில் சொல்லும் ஒரு குப்பி. திருச்சியில் ஒரு கல்லூரியில் கெஞ்சி வாங்கிவந்தது.

இத்தனையும் ஜோதியின் அம்மா கொளஞ்சியம்மாள் வீட்டுச் சுவருக்காக. செந்துறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய காலனி அது. பின்னாலேயே சுண்ணாம்புக்கல் சுரங்கம். சனிக்கிழமை தோறும் இரண்டு மணிக்கு வெடி. கொளஞ்சியம்மாளின் குடும்பத்தில் சொந்தமாகச் சுவர் என்று ஒன்றைக் கண்ட முதல் தலைமுறை அவள்தான். அந்தச் சுவர் கூரையிலிருந்து தரை வரைக்கும் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. ஏழு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வெடியில்தான் பிளந்தது என்று. மூன்று மனு போட்டாயிற்று. மூன்றாவதற்கு மட்டும் பதில் வந்தது: அதிர்வு அனுமதித்த அளவான வினாடிக்குப் பத்து மில்லிமீட்டருக்கு உட்பட்டதே, விரிசலுக்குக் கட்டடத்தின் வயதே காரணம். வீட்டுக்கு வயது ஒன்பது. ஒன்பது வயதில் எதற்கு முதுமை வரும் என்று பதில் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை பெரம்பலூரில் கடைசி விசாரணை. கையில் ஓர் அளவு இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் மனுவை முடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் மிச்சமிருந்த ஒரே வெடி இன்றைய வெடி. சாட்சிக்குக் கிராம நிர்வாக அலுவலர் ராசாங்கம் வந்து, பெட்டி வைத்திருந்த வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எழுதாமல் தப்பிக்க முடிந்த எதையும் எழுதியவரில்லை.

"ரெண்டேகாலுக்கு நான் கெளம்பணும்மா. அதுக்குள்ள ஆவுமா, ஆவாதா?"

"ஆயிடும் சார்," என்றாள் ஜோதி. எப்படி ஆகும் என்று அவளுக்கே தெரியாது.

ஆசிப்பின் வீட்டுக்குப் போய் அழித்ததை எடுத்து வருவதென்றால், பஸ் மாறிப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வெடித்த புழுதி அடங்கி ஊர் குளித்து முடித்த பிறகு வந்து சேரலாம்.

"யா அல்லாஹ், என் புத்திய செருப்பால அடிக்கணும்," என்றான் ஆசிப்.

"அப்பறம் அடிச்சுக்கலாம். இப்ப யோசி."

கம்பைலர் உயிரோடுதான் இருந்தது. நாம் எழுதுவதை அது மெஷினின் மொழியில் ஒரு துண்டாக மாற்றித் தரும். ஆனால் அந்தத் துண்டில் அங்கங்கே ஓட்டை இருக்கும். 'இங்கே நேரத்தைக் கேள்', 'இங்கே எழுது' என்று பெயர் மட்டும் இருக்கும், அந்த வேலையைச் செய்கிறவன் எந்த விலாசத்தில் இருக்கிறான் என்பது இருக்காது. பெயர் பெயராகத் தேடி விலாசத்தை நிரப்பி, துண்டை ஓடுகிற புரோகிராமாக ஆக்குவதுதான் லிங்கர். அது இல்லாமல் துண்டு வெறும் துண்டுதான்.

கொளஞ்சியம்மாள் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். "என்னா சாமி, மெஷின் பேச மாட்டேங்குதா?" என்று ஆசிப்பிடம்தான் கேட்டாள். மகள் முகத்தைப் பார்த்துக் கேட்க அவளுக்குப் பயம். இன்றைக்கு என் பொண்ணு நம்பர் போடப்போகுது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"பேசும்மா. கொஞ்சம் மக்கர் பண்ணுது," என்றான் ஆசிப்.

ஜோதி பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தாள், எல்டி வேறு எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்று. அப்படித் தேடும்போதுதான், மெஷினின் உறுப்புகளை ஓட்டுகிற டிரைவர் புரோகிராம்கள் இருந்த இடத்தில் ஒரு பெயரைப் பார்த்தாள். பிரிண்டர் சொருகும் இடத்தை ஆளுகிற டிரைவர். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி, ஓர் ஓ. கம்பைலர் விட்டுவிட்டுப் போகிற துண்டுக்கும் அதே புள்ளி, அதே ஓ. பெட்டியில் இருந்த அத்தனை டிரைவரின் பெயரும் அப்படித்தான் முடிந்தது.

"ஆசிப், இதெல்லாம் துண்டு. யாரும் சேக்கவே இல்ல."

"ஆமா, டிரைவர் அப்படித்தான் இருக்கும்."

"அப்ப எப்படி ஓடுது? யாரு சேக்குறா?"

"கெர்னலுக்குள்ள போடறப்பவே…" என்று ஆரம்பித்தவன் வாயைத் திறந்தபடியே நிறுத்தினான்.

கெர்னல் என்பது மெஷினின் உயிர்நாடி. மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன் வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவை. டிரைவர் மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே போகிற அந்தக் கணத்தில் அதன் ஓட்டைகள் அங்கேயே நிரப்பப்படும். அதற்கு லிங்கர் வேண்டாம், லைப்ரரி வேண்டாம். சேர்க்கிறவன் செத்துப்போனான் என்று இரண்டு பேரும் எழவு காத்துக்கொண்டிருந்த அதே பெட்டி, தன்னைத் திறந்த நிமிஷத்திலிருந்து சத்தமில்லாமல் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஜோதிக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. ஒரு துபாய்க் கடை கழித்துக்கட்டிய பெட்டிக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று இருந்தது. முகம் தெரியாத யாரோ, எந்த ஊரிலோ உட்கார்ந்து, இப்படி ஒரு வழி வேண்டும் என்று யோசித்து எழுதி, எவளோ ஒருத்தி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"நம்ம புரோகிராமயே டிரைவர் மாதிரி எழுதிடுவோம்," என்றாள்.

"உள்ள ஒரு தப்பு வந்தா மொத்த மெஷினும் நின்னுடும், ஜோதி. கார்டே கெட்டாலும் கெட்டுடும். ரெண்டாவது சான்ஸ் கெடையாது."

"மொத சான்சே இதான்."

கடைசி வருஷ புராஜெக்ட்டில் கெர்னலுக்குள் போய் 'வணக்கம்' மட்டும் சொல்லிவிட்டு வருகிற ஒரு துண்டை இருவரும் எழுதியிருந்தார்கள். அந்த ஞாபகம்தான் முதலீடு. ஆசிப் சொல்லச் சொல்ல ஜோதி அடித்தாள். வினாடிக்கு நூறு முறை ஜியோபோனைக் கேள், வந்த எண்ணை வரிசையாக அடுக்கி வை. அவ்வளவுதான். கெர்னலுக்குள் தசமப் புள்ளிக்கு இடமில்லை, முழு எண் மட்டும்தான். எண்ணில் ஒன்று என்றால் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஆசிப் காகிதத்தில் குறித்துக்கொண்டான். ஒவ்வொரு வரியையும் இரண்டு பேரும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். ராசாங்கம் வாட்சைப் பார்த்தார்.

ஒன்று நாற்பதுக்குத் துண்டு தயாரானது. ஜோதி அதை உள்ளே அனுப்பினாள். பெட்டி உடனே திருப்பி அனுப்பியது. திரையில் ஒரு வரி: பிரிண்ட்எஃப் என்று ஒருவனைக் கேட்கிறாய், அவனை எனக்குத் தெரியாது.

ஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். அது வெளியே இருக்கிற லைப்ரரியின் ஆள். உள்ளே அதே வேலைக்கு வேறு ஆள் உண்டு. பழக்கதோஷத்தில் கை பழைய பெயரை அடித்திருக்கிறது. ஆனால் திட்டிக்கொண்டே அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. துண்டில் இருந்த அத்தனை பெயரையும் ஒரு கண் சிமிட்டுவதற்குள் விசாரித்துவிட்டு, இந்த ஓர் ஆளை மட்டும் வாசலிலேயே பிடித்து நிறுத்தியிருக்கிறதே!

பெயரை மாற்றி மறுபடி அனுப்பினாள். இந்த முறை பெட்டி ஒன்றுமே சொல்லவில்லை. கர்சர் மட்டும் அடுத்த வரியில் போய் நின்று மின்னியது.

"நின்னுடுச்சா?" என்றார் ராசாங்கம்.

"இல்ல சார். சேந்துடுச்சு," என்றாள் ஜோதி. ஆசிப் ஜியோபோன் பக்கத்துக்கு ஓடி ஓங்கி ஒரு மிதி மிதித்தான். திரையில் எண்கள் எகிறி அடங்கின. அவன் அங்கிருந்தே அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தியதில் நாய் ஒன்று குரைத்தது.

ஒன்று ஐம்பத்தைந்துக்குச் சங்கு ஊதியது. தெருவில் பெண்கள் பரண்மேல் இருந்த குடங்களையும் அடுக்குப் பானைகளையும் இறக்கித் தரையில் வைத்துவிட்டுக் குழந்தைகளோடு ரோட்டுக்கு வந்தார்கள். வாரா வாரம் செய்கிற காரியம்தான். கொளஞ்சியம்மாள் மட்டும் வெளியே வரவில்லை. விரிசலுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, வெளிய வா. மேல விழுந்துடப் போவுது," என்றார் ராசாங்கம்.

"வுழாதுங்க சார். நான் எப்பயும் இப்படித்தான் நிப்பேன்."

அம்மா இப்படி நிற்பதை ஜோதி எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். சுவருக்கு ஜுரம் பார்க்கிறியா என்பாள். இன்றைக்கு அவளுக்குக் கேலி வரவில்லை. கண் திரையிலேயே இருந்தது.

வெடித்தது. ஓட்டிலிருந்து மண் உதிர்ந்தது. ரோட்டில் ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு அடங்கிவிட்டது.

"ஒரே டமார். அவ்வளவுதான?" என்றார் ராசாங்கம், பேனாவை மூடியபடி.

"மூணுங்க சார்." கொளஞ்சியம்மாள் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "மொதல்ல சின்னதா ஒண்ணு. அடுத்ததுதான் பெருசு. கடைசில ஒண்ணு இழுத்துக்கிட்டே போயி நின்னுச்சு."

"எனக்கு ஒண்ணுதாம்மா கேட்டுச்சு."

"காதுக்கு ஒண்ணுதாங்க."

ராசாங்கம் ஜோதியைப் பார்த்தார். ஜோதி எண்களை வரிசையாகத் திரைக்கு வரவழைத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்துவிட்டு மூன்றாம் முறைதான் வந்தது. ஆசிப் கட்டம் போட்ட தாளை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே போனான்.

தாளில் மூன்று மேடுகள் இருந்தன. முதல் மேடு சின்னது. நடு மேடு பெரிது, எழுபத்தொன்று வரைக்கும் ஏறியிருந்தது. மூன்றாவது மெதுவாகச் சரிந்து வெகுநேரம் இழுத்துக்கொண்டு போய் அடங்கியிருந்தது.

"பதினாலு புள்ளி ரெண்டு," என்றான் ஆசிப். "அனுமதிச்சது பத்து." சொல்லிவிட்டு அவன் பார்த்தது தாளை அல்ல, கொளஞ்சியம்மாளை.

ஜோதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெட்டி தன் துண்டைச் சேர்த்துக்கொண்டபோது வந்த பிரமிப்பு வேறு, இது வேறு. வினாடியில் நூறு பங்காக ஒரு மெஷின் எண்ணிச் சொன்னதை, அதற்கு முன்னாலேயே, படிக்காத ஒருத்தி உள்ளங்கையால் சொல்லிவிட்டாள். இந்தக் கையைத்தான் ஏழு வருஷமாக யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஊரை விடுங்கள், பெற்ற மகளே சேர்க்கவில்லை.

"ஏன்டி அழுவுற? நம்பர் வரலியா?" என்று பதறினாள் கொளஞ்சியம்மாள்.

"வந்துடுச்சும்மா. நீ சொன்னதேதான் வந்துருக்கு."

"அதான் நான் சொன்னேன்ல," என்றாள் அவள், மெஷின் தப்பாகச் சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம் என்பதுபோல.

ராசாங்கம் பேனாவைத் திறந்து எழுதினார். தேதி, நேரம், இடம், அதிர்வுகள் மூன்று, உச்ச அளவு பதினாலு புள்ளி இரண்டு. கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்தவர் அதை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மணி இரண்டு இருபது.

"போன சனிக்கிழம எப்படி இருந்துச்சும்மா?"

"இதவிட பெருசுங்க. ரெண்டுதான் வந்துச்சு, ரெண்டும் பெருசு."

அவர் அதையும் எழுதினார். வீட்டு உரிமையாளர் கொளஞ்சியம்மாள் கூற்று என்று மேலே போட்டு, அடியில் கோடு இழுத்தார்.

"அதுக்கு முந்துன வாரமும் சொல்லட்டுங்களா சார்?" என்று கேட்டாள் அவள். "எல்லாம் எனக்கு தெரியும்."

ராசாங்கம் முத்திரையைக் கீழே வைத்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு புதுத் தாளை எடுத்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார்.