டெர்க் பத்திரப்படுத்திய குரல்

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் ஊர் வின்ஸ்கோட்டனில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், பழுது பார்க்கும் சனிக்கிழமைகளில் கணினி மேசையில் என்னைத்தான் உட்கார வைக்கிறார்கள். சமூகக் கூடத்தில் எனக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்காரர்கள், இந்தப் பக்கம் காப்பி மெஷினும் டோஸ்டரும் பிரித்துப் போட்டிருப்பவர்கள். செத்த பொருள் ஒன்று பிழைத்துவிட்டால் லுப்பர்ட் பித்தளை மணியை அடிப்பான், கூடமே கை தட்டும். லுப்பர்ட்டின் வேலை காப்பி ஊற்றுவது. அவன் வருவதே மணி அடிக்கத்தான் என்பது என் கட்சி.

டெர்க் வந்த அன்று நல்ல நவம்பர் மழை. கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவர். கணினிப் பெட்டிக்குத் தன் மழைக்கோட்டைச் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தார்.

"கோட்டு உங்களுக்கு வாங்கினதா, பெட்டிக்கு வாங்கினதா?" என்று கேட்டேன்.

"எனக்குச் சளி பிடிச்சா நாலு நாள்ல போயிரும்மா. இதுக்குப் பிடிச்சா நான் எங்க போவேன்?"

பெட்டியின் நோயைச் சொன்னார். வசந்த காலத்திலிருந்தே திடீர் திடீரென்று நீலத்திரை வந்து விழுகிறது. சீட்டு விளையாடினாலும் விழும், சும்மா வைத்திருந்தாலும் விழும். அண்ணன் மகன் வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டான். கடைக்காரர் பவர் சப்ளையை மாற்றினார். அதற்கும் அசரவில்லை.

"விழும்போது திரையில என்ன எழுதியிருக்கும்?"

"அதான் புரியல. ஒருநாள் ஒண்ணு சொல்லும், மறுநாள் வேறொண்ணு சொல்லும்."

"அப்ப ரேமாத்தான் இருக்கும். நேரம் கழிச்சு வந்துட்டு தினம் ஒரு சாக்கு சொல்றவன நம்புவீங்களா? வசந்தத்துல இதுக்குள்ள புதுசா என்னத்த மாட்டினீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஒரு ரேம். பழசு ஒண்ணு இருந்துச்சு. அது பத்தாம சிஸ்டம் இழுத்துச்சு, அலீடா பேசறது விட்டு விட்டுப் பதிவாச்சு. அதனால யாரோ வித்தத வாங்கி இன்னொண்ணு சேர்த்தேன். அவளுக்கு மூச்சே கொஞ்சந்தான். அதுல பாதிய இது முழுங்கக்கூடாதில்ல?"

அலீடா அவர் மனைவி. ஜூன் மாதம் இறந்துவிட்டார். மகள் யாந்தினா கருவுற்றிருப்பது தெரிந்ததும், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காக அந்த அம்மாள் கடைசி மாதம் முழுக்க மைக்கின் முன்னால் உட்கார்ந்து கதைகள் பேசி வைத்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை கணினி விழுந்திருக்கிறது. இரண்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா?" என்று கேட்டேன்.

டெர்க் சட்டையின் உள்பையைத் தட்டிக் காட்டினார். "இதை நம்பி விட்டு வைப்பேனா? சாவுக்கு மறுவாரமே எல்லாத்தையும் ஒரே மூட்டையாச் சுருக்கிக் கட்டி, அவ பேரையே பாஸ்வேர்டா வெச்சு, மூணு பென் டிரைவுல போட்டுட்டேன். ஒண்ணு என் நெஞ்சுமேல. ஒண்ணு யாந்தினா வீட்ல. ஒண்ணு பக்கத்து வீட்டு மாடில. கரை உடைஞ்சு தண்ணி வந்தாலும் மாடிக்கு ஏறாதில்ல?" அவர் முகத்தில் அப்போது ஒரு பெருமை இருந்தது.

சோதனை நிரலை ஓட விட்டேன். அது ரேமின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதிவிட்டு, எழுதியதே திரும்பி வருகிறதா என்று பார்க்கும். நல்ல ரேமாக இருந்தால் திரை சும்மா இருக்கும். இவருடைய பெட்டியில் காப்பி ஆறுவதற்குள் சிவப்பு வரிகள் கொட்ட ஆரம்பித்தன. நிறுத்தி, புதிய ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்துச் சோதித்தேன். முழுச் சோதனையும் ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தது. பழையதை எடுத்துவிட்டு, புதியதைத் துடைத்து அதே இடத்தில் மாட்டினேன். மறுபடியும் சிவப்பு.

"இந்தப் பய தான்" என்று அதைப் பிடுங்கி மேசையில் போட்டேன். "இவனுக்கு முன்னாடி இருந்த கிழவன் தங்கம். கொஞ்சம் மெதுவா நடப்பான், ஆனா விழமாட்டான்."

பழைய ரேமோடு கணினியை ஓட விட்டோம். பாட்டுப் போட்டோம், படம் போட்டோம், இருக்கிற நிரல்களையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்து உயிரை வாங்கினோம். அது அசையவில்லை. டெர்க் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்ட ரேம் சிஸ்டத்தை விழ வைப்பதோடு நிற்காது. நாம் எதைச் சுருக்கினாலும், எதை நகல் எடுத்தாலும் அது அந்த ரேம் வழியாகத்தான் போக வேண்டும். அழுக்கு மேசையில் மாவு பிசைந்தால் ரொட்டியில் அழுக்கு வராமல் இருக்குமா? இவர் மூட்டை கட்டியது ஜூன் மாதம். அப்போது உள்ளே இருந்தது அந்தப் பயல்.

"டெர்க், அந்த மூட்டையத் திறந்து கேட்டுப் பாத்தீங்களா?" என்று நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் லுப்பர்ட் கணினி ஓடுவதைப் பார்த்துவிட்டு மணியை அடித்துவிட்டான். கூடம் முழுக்கக் கைதட்டல். டெர்க் எழுந்து நின்று எல்லாருக்கும் தலை குனிந்து நன்றி சொன்னார். அந்த மணியைப் பிடுங்கி லுப்பர்ட்டின் காப்பிக் குடுவைக்குள் திணித்திருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுப் பாத்துருவோமா?" என்றேன்.

"குழந்தையோட சேர்ந்துதான் முதல்ல கேக்கணும்னு வெச்சிருந்தேன்." தயங்கினார். பிறகு பென் டிரைவை எடுத்து நீட்டினார். அது அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. "சரி. நல்லாருக்கான்னு பாக்க ஒண்ணு மட்டும்."

மூட்டையைத் திறந்ததும் உள்ளே இருக்கும் பதிவுகளின் பெயர்கள் திரையில் வந்தன. பனியில் தொலைந்த வாத்து. தாத்தா பாலத்தை இறக்க மறந்த நாள். அப்படி நிறைய. முதல் பெயரைத் தொட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது, அவரே தட்டினார். பாதி தூரம் போய், கோப்பு பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்று நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"பாஸ்வேர்ட் தப்பா அடிச்சிட்டேனோ?"

"இல்ல டெர்க். பாஸ்வேர்ட் சரிதான்."

எனக்குத் தெரிந்த மீட்பு வழிகளையெல்லாம் முயன்றேன். உடைந்த மூட்டையைச் சரி செய்யும் நிரல் கையை விரித்தது. கணினியின் டிஸ்க்கில் பழைய பதிவுகளின் எச்சம் இருக்கிறதா என்று தேடினேன். மூட்டை கட்டிய பிறகு அண்ணன் மகன் இரண்டு முறை அழித்துப் புதிதாகப் போட்ட டிஸ்க் அது. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டெர்க் யாந்தினாவுக்கு ஃபோன் போட்டு மற்ற இரண்டையும் உடனே கொண்டுவரச் சொன்னார். அவர் குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது. ஒரே மூட்டையின் மூன்று நகல்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

காத்திருக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, நான் மூட்டை கட்டாம, ஒவ்வொண்ணா அப்படியே நகல் எடுத்திருந்தா?"

எனக்குப் பொய் வராது. அன்று வந்திருக்கலாம். "அங்கங்க கரகரன்னு இருந்திருக்கும். குரல் இருந்திருக்கும்."

"ஓ" என்றார். கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்த மனிதர் பாதுகாப்புக்குப் போட்ட வேலியே பயிரை மேய்ந்திருந்தது. அதை அவரிடம் சொன்ன என் வாயை நானே சபித்துக்கொண்டேன்.

யாந்தினா வயிற்றைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்தாள். குழந்தை பிறக்க இன்னும் சில வாரங்கள்தான். இரண்டு பென் டிரைவையும் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டேன். அதே பெயர்கள் வந்தன, அதே இடத்தில் நின்றன. டெர்க் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை நான்தான் யாந்தினாவுக்கு விளக்கினேன். எதையும் கூட்டவில்லை, அவருக்காகக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். அப்பாவின் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"போகட்டும் விடுப்பா. வேணும்னா பண்ணின? கதையெல்லாம் நீயே சொல்லு. பாலத்த இறக்க மறந்தது நீதானே? உன்ன விட யாரு நல்லா சொல்லுவா?"

டெர்க் தலையாட்டினார். சிரிக்கக்கூட முயன்றார். யாந்தினா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைக் கீழே கீழே நகர்த்தி ஒவ்வொரு பெயராகப் படித்தாள். படிக்கும்போது சில இடங்களில், "அட, இதையுமா சொன்னா!" என்று சிரித்தாள். கடைசிப் பெயரில் அவள் விரல் நின்றது.

யாந்தினாவிடம் சொல்லாமல் விட்டது.

"இது குழந்தைக்கு இல்லையேப்பா" என்றாள். "இது எனக்கு."

அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா இது? அம்மா என்கிட்ட எதச் சொல்லாம விட்டா?"

"தெரியலம்மா."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருப்பா. முழுசா வேணாம், ஞாபகம் இருக்கறது போதும். நீ பக்கத்துல தானே இருந்த?"

டெர்க் நிமிர்ந்தார். சொல்வதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. "இல்லம்மா. என் மூச்சு விசிலடிக்குமே, மைக்குல விழும். உங்கம்மா, விழுந்தா விழட்டும், நீ இங்கயே உக்காருன்னுதான் சொன்னா. நாந்தான் கேக்கல. குழந்தை கேக்கப்போறது, சுத்தமா இருக்கணும்னேன். தினம் மத்தியானம் அவ பேச ஆரம்பிச்சா, நான் சைக்கிள் கொட்டகைக்குப் போயிருவேன். முடிஞ்சதும் ஜன்னல்ல தட்டுவா, திரும்பி வருவேன். அந்தக் கடைசி மாசம் பூரா அப்படித்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. யாந்தினா திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தனை நாளும் கொட்டகையில தனியாவாப்பா உக்காந்திருந்த?"

"நான் இருந்தா என்னம்மா" என்றார் டெர்க். "அவளும்தானே உள்ள தனியா இருந்தா."