டிரம்மின் மேல் உட்கார்ந்தவள்

கல்லூரிப் பதிவில் எங்களுக்கு உற்சாகக் குழு என்று பெயர். மற்றவர்கள் வாயில் கத்தல் கோஷ்டி. கால்பந்து அணி ஆடும் இடமெல்லாம் போய்த் தொண்டை கிழியக் கத்துவதுதான் வேலை. இந்த வருஷம் தலைவி நான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தலைவனாக இருந்தவன் என் அண்ணன். இப்போது பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவன், வீட்டுக்கு வந்தால் தன் வாயை மூடுவதில்லை. "எங்க காலத்துல" என்று அவன் ஆரம்பித்தால் தட்டில் இருப்பது ஆறிவிடும்.

சண்டை ஒரு பாட்டைப் பற்றியது. எதிரணி கோல்கீப்பரின் அம்மாவை இழுத்துப் பாடுகிற பாட்டு. அண்ணன் கட்டியது. போன வருஷம் நாங்கள் அதைப் பாடியபோது அந்த அம்மா இரண்டு வரிசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். மகனுக்குக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை தலை நிமிரவில்லை. இன்னொரு தடவை அந்தப் பாட்டு காதில் விழுந்தால் குழுவையே கலைத்துவிடுவேன், பாடியது பழைய ஆளா புது ஆளா என்று பார்க்க மாட்டேன் என்று கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னதைச் செய்கிற மனுஷர்.

அண்ணனிடம் சொன்னால் சிரிக்கிறான். விளையாட்டென்றால் நாலு வார்த்தை வரத்தான் செய்யும், நீங்களெல்லாம் தொட்டாச்சிணுங்கிகள் என்றான். எங்கள் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். உங்கள் சண்டைக்கு நான் வரவில்லை என்று அம்மா நழுவிவிட்டார். கடைசியில், "சரி சரி, பாடல" என்றான். அவன் இரண்டு தடவை சரி சொன்னால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இறுதிப் போட்டிக்குப் பழைய ஆட்கள் பட்டாளமாக வந்து இறங்கினார்கள். தொப்பை மேல் ஏறி நிற்கும் பழைய பனியன்களோடு முன்வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டார்கள். ராப்பகலாக உட்கார்ந்து புதுப்பாட்டு கட்டிய என் ஆட்கள் பின்னால் ஒடுங்கி நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் வந்து குச்சிக்குக் கை நீட்டினான். டிரம்மில் மூன்று அடி விழாமல் எங்கள் குழுவில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பழைய தலைவர் வந்திருந்தால் அந்த மூன்று அடி அவருக்கு. இந்த வழக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

"எந்தப் பாட்டு?" என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்காத. குடு."

முதல்வர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிரம்மைக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எந்திரி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

பின்னாலிருந்து அவனுடைய நண்பன் ஒருவன் கையைத் தட்டிப் பாட்டை ஆரம்பிக்கப் போனான். அண்ணன் வெடுக்கென்று திரும்பி, "அடி விழலடா" என்று அடக்கினான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. வழக்கத்தை மீற அவனுக்கு மனசு வராது. யாரையோ பெற்ற தாயை இழுக்க மட்டும் வரும்.

வழக்கத்தை மீறி நானே எங்கள் புதுப்பாட்டுக்கு அந்த மூன்று அடியை அடித்திருக்கலாம். ஆனால் எழுந்தால் டிரம் அவன் கைக்குப் போய்விடும். அதனால் ஆட்டம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் கேப்டன் கீழே விழுந்து எழுந்தபோதெல்லாம் எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அவனுக்கு நாங்கள் கத்த வேண்டும். என் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கேப்டன் கோல் போட்டான். எதிர்ப்பக்கம் யாரோ கை தட்டினார்கள். நாங்கள் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் வேலியருகே வந்தான். முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணனைப் பார்த்தான், பிறகு என்னை.

"ஜெயிச்சுட்டோம்," என்றான். "ஆனா நீங்க யாரும் வராத மாதிரியே இருந்துச்சு."

அண்ணன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நான் குச்சிகளை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.